பன்னெண்டு பழைய போர்டு

— பையைக் கீழ வை ஹபீபு முதல்ல. கடையைப் பூட்டலை, பாதிப் பலகைதான் சாத்தியிருக்கு. ஆள் உள்ளதான் இருக்கார். இப்பப் போய்த் தட்டாதே.

— எங்க கடையை நான் தட்டக் கூடாதா, பிரகதாம்பா அக்கா? பட்டப்பகல்ல கடையைச் சாத்திக்கிட்டு ஷம்சாத் அத்தா உள்ள என்ன பண்றாங்க?

— வலது கையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கார்.

— அல்லாவே, கையில அடியா?

— அடியெல்லாம் ஒண்ணுமில்லை. நல்ல கைதான். அதைத் திருப்பித் திருப்பிப் பாக்குறார். பதினஞ்சு நாளா அதான் வேலை. சைக்கிள் கடைக்காரன் குடுத்த போர்டு பாதியிலயே நிக்குது, "இங்கு சைக்கிள் வா"ங்கிறதோட. அவன் தினம் வந்து ஒரு டீ குடிச்சுட்டு அந்த "வா"வைப் பாத்துட்டுப் போறான். நீயும் ஒரு டீ குடி. உன் மக ஷம்சாத்துக்குப் பொண்ணு பொறந்திருக்காமே, தலை நிறைய முடியாமே.

— ஹலீமான்னு பேரு வச்சிருக்கு. நான் மாயவரத்துலேருந்து இப்பத்தான் பஸ்ஸை விட்டு இறங்குறேன், உங்களுக்கு யாரு சொன்னா?

— பஸ் கண்டக்டர் இங்கதான் டீ குடிக்கிறான். நானா எதையும் கேக்குறதில்லை, அவனாச் சொல்றான். எனக்கு எதுக்கு அடுத்தவங்க விசயம்.

— சரிக்கா, விசயத்துக்கு வாங்க. அவங்களுக்கு என்ன ஆச்சு?

— நாளைக்குப் பதினோரு மணிக்குத் தாலுகா ஆபீசுல சாட்சி சொல்லணும். நோட்டீஸ் வந்திருக்கு. சேவகன் கொண்டாந்து நீட்டினப்ப உன் வீட்டுக்காரர் வாங்கவே இல்லை. நான்தான் வாங்கிப் படிச்சுக் காட்டினேன்.

— சாட்சியா? யாருக்கு?

— தங்கையனுக்கு. நம்ம தெருவுக்குப் பால் ஊத்துற கண்ணாத்தாள் இருக்காள்ல, மணலாத்தங்குடியிலேருந்து வர்றவ, அவ புருசன். ஒன்பது மா நிலம், மூணு ஏக்கர் வரும். நாளைக்கு உன் வீட்டுக்காரர் "ஆமா"ன்னு ஒரு வார்த்தை சொன்னா நிலத்துல தங்கையன் நிப்பான். "இல்லை"ன்னு சொன்னா மிராசு ஏர் கட்டிருவார். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையை அவர் வாயிலேருந்து வாங்கத்தான் நான் தவம் கிடக்கிறேன். நல்ல வேளை, நீ வந்துட்டே.

— போர்டு எழுதுறவங்களுக்கும் வயலுக்கும் என்னக்கா சம்பந்தம்?

— போர்டுதான் சம்பந்தம். பன்னெண்டு போர்டு.

— முதல்லேருந்து சொல்லுங்க. கண்டக்டர் கதையெல்லாம் விட்டுட்டுச் சொல்லுங்க.

— சொல்றேன், இரு, அந்த ரெண்டு பேருக்கும் கிளாஸைக் குடுத்துட்டு வந்துடறேன்… ஆங். இந்தக் கழக ஆட்சியில புதுச் சட்டம் ஒண்ணு வந்துச்சே, குத்தகைக்குப் பயிர் பண்றவன் பேரைச் சர்க்கார் பதிவேட்டுல ஏத்தணும்னு. ஏத்திட்டா அப்புறம் அவனை வரப்பை விட்டு இறங்குன்னு சொல்ல முடியாது. தங்கையன் அதுக்கு மனு குடுத்தான். அவன் அப்பன் காலத்துலேருந்து அவங்க உழுற நிலம். ஆனா கையில சீட்டு கிடையாது. மிராசு வாயால சொன்னது, இவங்க காதால கேட்டது, அவ்வளவுதான் பத்திரம். அதிகாரி என்ன சொன்னார்னா, திங்கட்கிழமை நானே நேர்ல வந்து நிலத்தைப் பாக்குறேன், பாத்துட்டு முடிவு பண்றேன்னார்.

— மிராசுன்னா, அந்த இராஜாங்கமா? அரிசி மில்லு வச்சிருக்காரே?

— அவரேதான். அவர் நிலம் பன்னெண்டு துண்டு, பன்னெண்டு பேர் கையில குத்தகைக்கு இருக்கு. அவர் காரியக்காரர் வீடு வீடாப் போய்ப் பேசினதுல பதினோரு பேர், நாங்க குத்தகை இல்லைங்க, வெறும் கூலிதாங்கன்னு சொல்லிட்டான். தங்கையன் மட்டும் சொல்லலை. கண்ணாத்தாள் சொல்ல விடலைன்னு வச்சுக்கோயேன். அவ பால்ல தண்ணி ஊத்தாதவ, பேச்சுலயும் ஊத்த மாட்டா.

— அப்புறம்?

— அப்புறம் ஒரு புதன்கிழமை, நம்ம தெருவுல கார் வந்து நின்னுச்சு. மிராசே இறங்கினார். நம்ம தெரு நாய் யாரைப் பாத்தாலும் குரைக்கும், அன்னைக்கு எழுந்து ஓரமாப் போய் நின்னுக்கிச்சு. எனக்கு அந்த நேரத்துல வாசல் பெருக்குற வேலை இருந்துச்சு.

— அதாவது காதுல விழுந்துச்சு.

— விழுந்துச்சு, நான் என்ன காதை அடைச்சுக்கிட்டா பெருக்க முடியும்? பன்னெண்டு போர்டு வேணும்னார். என்ன எழுதணும்னா, "பண்ணையின் சொந்தச் சாகுபடி நிலம், அத்துமீறி நுழைவோர் தண்டிக்கப்படுவர்." அடியில "1960". வெள்ளிக்கிழமை மத்தியானம் வண்டி வரும், தயாரா இருக்கணும். அப்புறம் குரலைத் தணிச்சுக்கிட்டார். நானும் பெருக்குறதைத் தணிச்சுக்கிட்டேன். போர்டைப் பாத்தா பன்னெண்டு வருசம் மழையிலயும் வெயில்லயும் நின்ன மாதிரி இருக்கணும்னார்.

— பழசாவே எழுதணும்னாரா?

— அதையேதான் உன் வீட்டுக்காரரும் கேட்டார். "அதாவது, எனக்குப் புதுசா எழுதித்தாங்க பழக்கம்"னார். மிராசு சிரிச்சார். புதுசு எவன் வேணாலும் எழுதுவான், கும்பகோணத்துல நாலு பேர் இருக்கான். பழசு எழுதத் தெரிஞ்ச ஆள் இந்தப் பக்கம் உண்டான்னு பாத்தேன், இல்லைன்னா பரவாயில்லைன்னு சொல்லிட்டுக் கார் கதவுல கையை வச்சார். அந்த இடத்துலதான் உன் வீட்டுக்காரர் கவுந்தார்.

— கும்பகோணம்னு சொன்னாலே போதும் இவங்களுக்கு. எதுக்கு அந்த போர்டுன்னு கேக்கலையா?

— அவர் கேக்கலை. நான் மறுநாள் போய்ச் சொன்னேன், தம்பி, இது தங்கையன் வயித்துல அடிக்கிற போர்டுன்னு. முகம் சுண்டிப் போச்சு. "நான் சொன்னதை எழுதுறவன் அக்கா, நான் என்ன பண்ண"ன்னு முணுமுணுத்துட்டுத் தகரத்தை உப்புத்தாளால தேய்க்க ஆரம்பிச்சுட்டார். அதுக்கப்புறம் ரெண்டு நாள் அவர் பண்ணின வேலை இருக்கே, நீ பாத்திருக்கணும். என் கடை டீத்தூள் சக்கை மொத்தமும் அவர் தொட்டியிலதான். போர்டை அதுல ஊறப் போட்டார். ஆணியைப் புளித்தண்ணியில போட்டுத் துரு ஏத்தினார். ஒவ்வொரு ஆணிக்கும் கீழ துரு வழிஞ்ச மாதிரி ஒரு கோடு, அது நேராவும் வரக் கூடாதாம், மேல்காத்து அடிச்சா மழை சாஞ்சுதான் விழுமாம், அதனால கோடும் சாஞ்சுதான் இருக்கணுமாம்.

— மருமவன் சட்டைக்குப் பித்தான் தைச்சுக் குடுங்கன்னா அதுல இவ்வளவு கருத்து இருக்காது.

— கேளு இன்னும். வயல்ல நிக்கிற போர்டுல காக்கா உக்காருமே, எச்சம் இருக்கணுமேன்னு யோசிச்சார். ரெண்டு போர்டைக் கொண்டு போய் உங்க கோழிக்கூண்டு மேல வச்சுப் பாத்தார். கோழி ஒத்துழைக்கலை. கடைசியில சுண்ணாம்பைக் குழைச்சுக்கிட்டு, பன்னெண்டு வருசத்துக் காக்கா எச்சத்தை ஒரே சாயங்காலத்துல உக்காந்து எழுதி முடிச்சார். அதுலயும் பழைய எச்சம், புது எச்சம்னு ரெண்டு ரகம்.

— யா அல்லா.

— சும்மா சொல்லக் கூடாது ஹபீபு, அப்படி ஒரு வேலை. ஒரு போர்டைப் பாத்துட்டு எனக்கே, இது நான் கல்யாணமாகி வந்தப்பவே இருந்துச்சேன்னு தோணிப் போச்சு. வெள்ளிக்கிழமை காலையில பன்னெண்டையும் கொண்டாந்து என் கடை ஓரமா வரிசையாச் சாத்தினார், மத்தியான வெயில் இந்தப் பக்கம்தானே விழும். ஜும்மாவுக்குப் போயிட்டு வர்றேன்னு குளிச்சுட்டுக் கிளம்பினார். அவர் திரும்புறதுக்குள்ள மிராசு வண்டி வந்துருச்சு. வண்டிக்காரன் சும்மா அடுக்கப் பாத்தான். நான்தான் போர்டுக்கும் போர்டுக்கும் நடுவுல வைக்கோல் வைக்கச் சொல்லி ஏத்தி அனுப்பினேன். வேலை அவ்வளவு அருமை, உரசிடக் கூடாது பாரு.

— எதிரிக்கு வண்டி ஏத்தி விட்டிருக்கீங்க.

— எனக்கு எதுக்கு அடுத்தவங்க விசயம். வண்டி வந்துச்சு, ஏத்தினேன்.

— சரி, திங்கட்கிழமை என்ன ஆச்சு?

— நான் போகலை, கடையை யாரு பாக்குறது. கண்ணாத்தாள் வரப்புலயே நின்னா, அவ சொன்னதை அப்படியே சொல்றேன். அதிகாரி ஜீப்புல வந்து இறங்கினார். கெடுபிடியான ஆளு, கண்ணாடி, பேசவே மாட்டார். மிராசு குடை பிடிக்க ஒரு ஆள், இளநி சீவ ஒரு ஆள்னு வந்திருந்தார். அதிகாரி இளநி வேண்டாம்னுட்டார். முதல்ல தங்கையனைக் கூப்பிட்டு, உன்கிட்ட என்ன ஆதாரம் இருக்குன்னு கேட்டார். அறுவடை முடிஞ்சு தாளடியில உளுந்து தெளிச்சிருந்தான், முழங்கால் உசரம் நிக்குது. "காகிதம் இல்லைங்க, உளுந்து இருக்கு"ன்னான்.

— நல்லாத்தானே சொல்லியிருக்கான்.

— நல்லாச் சொல்லி என்ன பண்றது, உளுந்துல பேர் எழுதியா இருக்கு? கூலிக்கு வந்தவன் தெளிச்சதுங்கன்னு காரியக்காரர் ஒரே வார்த்தையில முடிச்சுட்டார். அப்பத்தான் மிராசு அந்த போர்டு பக்கம் கையைக் காட்டினார். அறுபதாம் வருசத்துலேருந்து பண்ணைச் சாகுபடி, சந்தேகம்னா பாத்துக்கலாம்னார். அதிகாரி கிட்டப் போய்ப் பாத்தார். துரு, கறை, காக்கா எச்சம். அவர் முகமே மாறிடுச்சாம், ஆமா, பழசுதான்னு. மிராசு அத்தோட விட்டிருக்கலாம். விடலை. துண்டை எடுத்துக் கண்ணைத் தொடைச்சுக்கிட்டு, இது எங்க அப்பா தன் கையால நட்ட போர்டுங்க, அவர் ஞாபகமா நான் மாத்தாம வச்சிருக்கேன்னார்.

— கண்ணைத் தொடைச்சுக்கிட்டா?

— உண்மையிலயே தண்ணி வந்துச்சாம். வேலை அப்படி, அவரே நம்பிட்டார். அதிகாரிக்கு மரியாதை வந்து, குனிஞ்சு பாத்தார். குனிஞ்சவர் உக்காந்தார். உக்காந்தவர் கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சு மறுபடி போட்டுக்கிட்டார். "அப்பா காலமாகி எவ்வளவு நாளாச்சு?"ன்னு கேட்டார். ஏழு வருசம் ஆச்சுங்கன்னார் மிராசு. "அப்ப போன வெள்ளிக்கிழமை வந்துட்டுப் போயிருக்கார்"னார் அதிகாரி.

— எப்படி?

— வலது பக்கம் கீழ் மூலை. அரிசி அளவு எழுத்து. "மீரா ஆர்ட்ஸ், வலங்கைமான், 18-2-72".

— அட என் ரப்பே. கையெழுத்துப் போட்டு விட்டிருக்காங்களா?

— பன்னெண்டுலயும். அதிகாரி வரப்பு வரப்பா நடந்து மீதிப் பதினொண்ணையும் குனிஞ்சு குனிஞ்சு பாத்திருக்கார். குடைக்காரன் பின்னாலயே ஓடியிருக்கான். ஒண்ணு விடாம அதே கையெழுத்து, அதே தேதி.

— தேதியோட போட்டு விட்டிருக்காங்களே. சிரிக்கிறதா அழுறதான்னு தெரியலைக்கா.

— நான் சிரிச்சு முடிச்சுட்டேன். நீ சொல்லு, இந்த ஊர்ல அவர் கையெழுத்து இல்லாத போர்டு உண்டா? பல் டாக்டர் போர்டுல இருக்கு. கழகக் கிளை போர்டுலயும் இருக்கு, அவங்களை எதிர்த்து ஊர்வலம் போறவன் போர்டுலயும் இருக்கு. சுடுகாட்டுக்குப் போற வழின்னு அம்பு போட்டுக் குடுத்தாரே, அதுலகூடத் தேதி போட்டிருக்கார், செத்தவன் யாராவது விசாரிக்க வருவான்ங்கிற மாதிரி. எழுதி முடிச்சதும் குத்தவச்சு உக்காந்து, மூச்சை அடக்கிக்கிட்டு, அந்த மூலையில போட்டு முடிச்சாத்தான் அவருக்குச் சோறு இறங்கும். ரெண்டு நாள் பாடுபட்டுப் பன்னெண்டு வருசம் பின்னால தள்ளிக் கொண்டு போயிட்டு, கடைசியில ஒரு நிமிசத்துல இழுத்துக் கொண்டாந்து விட்டுட்டார். ஊரே அப்படித்தான் பேசிச் சிரிக்குது.

— சிரிக்கட்டும். அதனால தங்கையனுக்கு நிலம் நின்னுச்சுல்ல. அப்புறம் நாளைக்கு என்ன சாட்சி?

— அங்கதான் தஞ்சாவூர் வக்கீல் வந்தார். மிராசுக்காக. அவர் என்ன சொல்றார்னா, போர்டு பழசுதான், கையெழுத்துதான் புதுசு. விவசாயச் சங்கத்துக்காரன் எவனோ வயல்ல இறங்கி அந்த மூலையில கிறுக்கிட்டுப் போயிருக்கான். எழுதினதாச் சொல்றவனையே கூப்பிட்டுக் கேளுங்க, இது உன் கையெழுத்தான்னு. அதிகாரியும் சரின்னுட்டார். அதான் நோட்டீஸ். நாளைக்கு அவர் முன்னால ஒரு போர்டைக் காட்டுவாங்க. ஆமான்னா போர்டு போன மாசம் எழுதினதுன்னு ஆகும், தங்கையன் பேர் பதிவேட்டுல ஏறும். இல்லைன்னா போர்டு அறுபதாம் வருசத்துதுன்னு நின்னுரும். மத்த பதினோரு பேரும் இவன் கதை என்ன ஆகுதுன்னு பாத்துக்கிட்டு நிக்கிறான்.

— இதுல யோசிக்க என்ன இருக்கு? போட்டாங்க, ஆமான்னு சொல்லிட்டு வர வேண்டியதுதானே.

— அதைத்தான் நானும் பதினஞ்சு நாளாச் சொல்றேன். வாயே திறக்க மாட்டேங்கிறார். சங்கத்துக்காரங்க மேளத்தோட வந்து மாலை போட்டாங்க, தோழர் மீரா உசேன் வாழ்கன்னு. கழுத்தை நீட்டி வாங்கிக்கிட்டார், அப்பவும் பேசலை. காரியக்காரர் தினம் என் பெஞ்சுல வந்து உக்காந்து, என் கையெழுத்து இல்லைன்னு நாலு வார்த்தை சொன்னாப் போதும், மில்லு, குடோன், புதுசாக் கட்டுற கல்யாண மண்டபம், எல்லா போர்டும் மீரா ஆர்ட்ஸுக்குத்தான்னு சத்தமாச் சொல்லிட்டுப் போறார். அதுக்கும் பேசலை. பயந்துட்டார்னு நினைக்கிறேன் ஹபீபு. மிராசு ஆள் கொஞ்சம் மோசம்தான். ஆனா கண்ணாத்தாளைப் பாத்தியா நீ, பால் அளக்குறப்ப அளவு தப்புது அவளுக்கு. நேத்து எனக்கு ஒரு ஆழாக்கு கூட ஊத்திட்டுப் போறா.

— பயமா? இவங்களுக்கா? கும்பகோணத்துல போர்டுப் பட்டறைக்காரன் எழுத்தைக் கோணல்னு சொல்லிட்டு அடி வாங்கிட்டு வந்த ஆளுக்கா? இருங்க, நான் கேக்குறேன்… ஏங்க. ஏங்க, வெளிய வாங்க. நான்தான்.

— அடடே, ஹபீபு. எப்ப வந்தே? புள்ளை எப்படி இருக்கு?

— புள்ளை நல்லா இருக்கு, அதோட நன்னா உங்களுக்கு என்ன ஆச்சுன்னுதான் தெரியலை. பலகையைத் தள்ளிட்டு இப்படி வந்து உக்காருங்க. அக்கா எல்லாம் சொல்லிட்டாங்க. நாளைக்கு என்ன சொல்லப் போறீங்க?

— அதாவது…

— அதாவது எல்லாம் வேண்டாம். ஆமாவா, இல்லையா?

— அதாவது, அதான் தெரியலை.

— ஒரு மிராசுக்கு இவ்வளவு பயமா? கண்ணாத்தாள் மூஞ்சியில எப்படி முழிப்பேன் நான்? நம்ம ஷம்சாத் மாசமா இருந்தப்ப அவ குடுத்த சீம்பால் இன்னும் ஞாபகம் இருக்கு எனக்கு.

— பயம் இல்லை ஹபீபு. மிராசுகிட்ட எனக்கு என்ன பயம், அவர் மில்லு போர்டையே நான் வேணும்னு ஒரு விரல்கடை சின்னதா எழுதினவன். இது வேற. காரியக்காரர் என்னைச் சொல்லச் சொல்றது இருக்கே, அது நெசம்.

— எது நெசம்?

— என் கையெழுத்து இல்லைங்கிறது.

— என்னங்க சொல்றீங்க?

— நான் போடலை. அதாவது, போடத்தான் உக்காந்தேன். எப்பவும் போல ஒண்ணாம் நம்பர் பிரஷை எடுத்து, பெயிண்டைத் தொட்டு, மூலைகிட்டக் கொண்டு போனேன். அக்கா சொன்னது ஞாபகம் வந்துச்சு. தங்கையன் வயித்துல அடிக்கிற போர்டுன்னு. கை நின்னுருச்சு. என் பேர் இதுல இருக்க வேண்டாம்னு பிரஷைத் துடைச்சு வச்சுட்டேன். இருபது வருசத்துல நான் பேர் போடாமக் குடுத்த வேலை அது ஒண்ணுதான் ஹபீபு. வெக்கத்துல போடலை. அதுக்குப் போய் மாலை போட்டுட்டுப் போயிட்டாங்க.

— நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. பழக்கத்துல கை தானா போட்டிருக்கும், உங்களுக்கு நினைவில்லாம இருக்கும்.

— நானும் அப்படித்தான் நினைச்சேன். பதினஞ்சு நாளா இந்தக் கையைப் பாத்து அதைத்தான் கேக்குறேன். மனசு கேக்காம தாலுகா ஆபீசுக்கே போய்ச் சேவகன்கிட்டக் கெஞ்சி அந்த போர்டைப் பாத்தேன். என் கை இல்லை அது. "மீ"யோட சுழி என்னைவிட நல்லா விழுந்திருக்கு.

— உங்களைவிட நல்லாவா?

— கொஞ்சம்தான். அதாவது, லேசா.

— சரி, போனது போகட்டும். என்னுதுதான்னு சொல்லிட்டு வாங்க. யாருக்குத் தெரியப் போகுது? ஒரு ஏழைக்கு நிலம் நிக்கும்.

— சத்தியம் வாங்கிக்கிட்டுத்தான் கேப்பாங்க ஹபீபு. ஆண்டவன் பேர்ல சத்தியம் பண்ணிட்டு, போடாத கையெழுத்தைப் போட்டேன்னு எப்படிச் சொல்ல?

— அப்ப போர்டு நான் எழுதினது, போன மாசம் எழுதினது, கையெழுத்து மட்டும் என்னுது இல்லைன்னு உள்ளதைச் சொல்லுங்க.

— அதையும் யோசிச்சுப் பாத்தேன். வக்கீல் அடுத்த கேள்வி கேப்பார், அப்ப உன் பேரை யாரு போட்டான்னு. தெரியாதுன்னு சொல்வேன். பாத்தீங்களா, கையெழுத்து பொய்னு இவனே சொல்றான், மீதியைச் சங்கத்துக்காரன் சொல்லிக் குடுத்திருக்கான்னு ஒரே அடியில முடிச்சுருவார். நெசத்தைச் சொன்னா மிராசு பொய் ஜெயிக்குது. பொய்யைச் சொன்னாத்தான் தங்கையன் நெசம் ஜெயிக்குது. இதுல நான் எந்தப் பக்கம் போறது?

— அப்ப அந்தப் பன்னெண்டு மூலையிலயும் போட்டது யாருதான்? வயல்ல நட்டப்புறம் எவனாவது போட்டானா? சங்கத்துல எவனுக்காவது இப்படி எழுத வருமா?

— இந்த வட்டாரத்துல வராது. அதுக்குத் தினம் நான் எழுதுறதைக் கிட்ட இருந்து பாத்திருக்கணும், வருசக்கணக்கா. அப்படி எவன் இருக்கான்?

— அக்கா, நீங்க ஏன் பேச்சைக் காணோம்? அரைமணி நேரமா நிறுத்தாமப் பேசினீங்களே.

— நான்தாம்மா போட்டேன். அவர் தொழுகைக்குக் கிளம்பிட்டார், வண்டி வர முக்கால் மணி இருந்துச்சு, கண்ணாத்தாள் அப்பத்தான் என் பெஞ்சுல உக்காந்து அழுதுட்டுப் போயிருந்தா, பாத்தா பன்னெண்டு மூலையும் மொட்டையா இருந்துச்சு, பதினாலு வருசமா எதிர்த்தாப்புல உக்காந்து பாக்குற எழுத்து எனக்கு வராமயா போகும், அதனால தம்பி, நாளைக்கு நீங்க சத்தியம் பண்ணிட்டு உள்ளதை உள்ளபடியே சொல்லுங்க, போட்டது யாருன்னு வக்கீல் கேட்டா வெளிய நிக்கிறா கூப்பிடுங்கன்னு சொல்லுங்க, ஒண்ணாம் நம்பர் பிரஷைக் குடுத்தா அதிகாரி மேசையிலயே போட்டுக் காட்டுறேன்.